சோளகத்துக்கு எதிரே

யூலை 5, சனி. வேலணை

உயர்தர வகுப்புப் பெடியள் நாலைந்து பேர் ஓடுவதற்குப் பாதை கேட்கிறார்கள். பள்ளி மைதானத்தை வட்டமடித்து அலுத்துவிட்டதாம். வருகிற இல்ல விளையாட்டுப் போட்டியின் மரதனுக்கு இப்போதே கால் பழக வேண்டும். மேடும் பள்ளமுமான காட்டு வழிகளில் வெள்ளைக்காரர் ஓடுவதை யூரியூப்பில் பார்த்துவிட்டு, “சேர், எங்கட பக்கம் இப்பிடி ஒண்டும் இல்லையோ?” என்கிறார்கள்.

மேட்டுக்கு எங்கே போவது? பனை வட்டை விட்டால் தீவுப்பகுதியில் உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காடு என்றால் பனங்கூடல். ஆனால் இது தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம். காற்றையே மேடாக வைத்துப் பாதை போட்டால் என்ன?

விடிய ஐந்தரைக்கு வங்களாவடிச் சந்தியில் தொடங்கி, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுப் பக்கம் ஓடினேன். இரண்டு பக்கமும் கடல், ஒரு மரம் இல்லை. புங்குடுதீவு தென்மேற்கில் கிடப்பதால் சோளகம் நேரே நெஞ்சில் அறைகிறது. தலையைக் குனிந்து, அடியைக் குறுக்கி, ஏற்றத்தில் ஏறுகிறவன் மாதிரித்தான் போகவேண்டியிருந்தது. திரும்பும்போது காற்று முதுகில். சுகமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காற்றும் ஆளும் ஒரே பக்கம் போவதால் உடம்பில் காற்றே படுவதில்லை. வேர்வை காயாமல் வழிகிறது, உடம்பு கொதிக்கிறது. குறிகட்டுவான் பஸ் கடந்து போகையில் அடித்த ஒரு வீச்சுக் காற்றுத்தான் ஆறுதல்.

குறித்துக்கொண்டது: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. வெயில் ஏறமுன் திரும்பிவிட வேண்டும். தண்ணீர்ப் போத்தலைத் திரும்பும் பாதிக்கு மிச்சம் பிடிக்க வேண்டும்.

யூலை 6, ஞாயிறு. ஊர்காவற்துறை

சரவணை, நாரந்தனை, கரம்பொன் என்று உள் ஒழுங்கைகளால் ஊர்காவற்துறை வரைக்கும். பிரதான வீதி காப்பெற் போட்டு வழுவழுப்பாகக் கிடக்கிறது; முழங்காலுக்கு அது ஆகாது. ஒழுங்கையில் மணலும் பனஞ்சருகும் கிடப்பதால் கால் மெத்தென்று விழுகிறது. காவோலை விழுகிற சத்தத்துக்கு மட்டும் திடுக்கிட வேண்டியிருக்கிறது.

பெடியள் கேட்ட காடு இங்கேதான் இருக்கிறது. அது வளர்ந்த விதத்தைப் பெடியளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 1990, 91இல் சனம் இடம்பெயர்ந்து போன வளவுகள் இவை. பாதிப்பேர் திரும்பவில்லை. கூரையில்லாத வீட்டுக்குள் வேம்பு நிற்கிறது, கிணற்றுக்கட்டில் ஆல் வேர்விட்டிருக்கிறது, வேலியாக நட்ட கிளுவையும் பூவரசும் மரமாகிவிட்டன. பறவைகளுக்குக் குறைவில்லை, நல்ல நிழல், ஓட அருமையான இடம். கொடிகளுக்குள் ஒரு படலைத் தூணில் வீட்டுப் பெயர் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

கரம்பொன்னில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு நின்ற ஒரு ஆச்சி மறித்தா.

“ஆர் தம்பி துரத்துறது?”

“ஆருமில்லை ஆச்சி, சும்மா ஓடுறன்.”

“சும்மாவோ? நாங்கள் இந்த ஒழுங்கையால ஓடினது ஷெல்லுக்கு.”

சொல்லிவிட்டு அவ சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆள் காற்சட்டையோடு ஓடுவது இங்கே இன்னும் புதினம்தான். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல், பிலிப்பைன்ஸில் மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வாங்கியதை ஆச்சிக்குச் சொன்னேன். “அப்ப நானும் வரட்டே?” என்றா.

துறைமுகத்தில் முடித்தேன். எதிரே கடலுக்குள் ஒல்லாந்தரின் கடற்கோட்டை, அதற்கப்பால் காரைநகர். பாதைப் படகு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வந்து முட்டியது. ஒருகாலத்தில் இந்தத் துறையால் யானைகளைக் கப்பலேற்றினார்கள். இன்றைக்கு இரண்டு ஆடும் ஒரு சைக்கிளும் இறங்கின.

யூலை 9, புதன்

நாய்கள். கல் எடுக்கிற மாதிரிக் குனிந்தால் போதும், எறியத் தேவையில்லை. இதையும் பெடியளுக்கு எழுத வேண்டும்.

யூலை 12, சனி. நயினாதீவு

தீவு முழுதும் சேர்த்தே சுமார் 4 சதுர கிலோமீற்றர். ஓட்டக்காரனுக்குக் காணாது. வெளிவீதியால் சுற்றி வந்தால் மூச்சு வாங்கத் தொடங்கும் நேரத்தில் தொடங்கிய இடம் வந்துவிடுகிறது. நாகபூசணி அம்மன் கோயில் வாசலிலும் நாகவிகாரைப் பக்கமும் நடந்தே போனேன். பக்தர்களை இடித்துக்கொண்டு ஓடுவது மரியாதையில்லை. பிறகு அமுதசுரபி மண்டபத்தில் சோறு.

இங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்துறைக்கு, வரவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் சரிபாதி. சிங்கள அரசன் ஒருவன் அந்தத் துறையின் சட்டத்தைத் தமிழில் எழுதி வைத்தான் என்பதைப் பெடியளுக்கு வகுப்பில் பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். ஓடிக் களைத்து நிற்கிறபோது சொன்னால் கேட்பார்களோ என்னவோ.

யூலை 16, புதன். மண்கும்பான்

பெடியள் கேட்ட மேடு கிடைத்துவிட்டது. மண்கும்பான், சாட்டிப் பக்கத்து மணற்திட்டுகள். பெரிய உயரமில்லை. ஆனால் உலர்ந்த மணலில் முன்வைத்த கால் பாதி பின்னுக்கு வழுகுகிறது. சின்னத் திட்டில் பத்துத்தரம் ஏறி இறங்கினால் தொடை எரிகிறது. வெறுங்காலோடு ஓடலாம், நெருஞ்சி இல்லாத இடம் பார்த்து. ஏற்றப் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் தீவுப்பகுதியில் கிடையாது.

ஆனால் திட்டுகள் இருக்கவேண்டிய சில இடங்களில் குழிகள். உழவு இயந்திரப் பெட்டி வந்துபோன சில்லுத்தடம் புதிதாகவே இருந்தது. இந்த மணலுக்கடியில்தான் வேலணைச் சனத்தின் நல்ல தண்ணீர் கிடக்கிறது. மாரி மழையை மணல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உவர்நீரின் மேலே ஒரு படையாக மிதந்து நிற்கிறது. சாட்டிக் கிணறுகள் இனிப்பதும், அரைக்கட்டைக்கு அப்பால் கிணறு உவர்ப்பதும் இதனால்தான். திட்டைக் கரைத்தால் படை மெலியும். மேலேயிருந்து இறைக்க இறைக்கக் கீழேயிருந்து உப்பு ஏறும். ஒருமுறை உவர்த்த கிணறு லேசில் திரும்பாது.

ஒரு தீவின் தண்ணீர்த் தொட்டியில் ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

யூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும். ஓட்டம் இல்லை.

யூலை 20, ஞாயிறு. நெடுந்தீவு

நேற்று மத்தியானப் படகில் வந்தேன். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம்; சோளகத்தில் படகு எழுந்து விழ, பக்கத்தில் இருந்தவர் சத்தி எடுத்தார். மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினிப் படகில் 1985 மே 15இல் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம். அங்கே தலைகுனிந்து நின்றுவிட்டு, கூடப் படிப்பித்த ஒருவர் வீட்டில் இரவு தங்கினேன்.

விடிய ஓடியதுதான் இந்த மாதத்தின் ஓட்டம். இங்கே வேலியெல்லாம் முருகைக்கல். சுண்ணாம்பு, சீமெந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. இரண்டு வேலிக்கு இடையில் ஓடும்போது நெஞ்சுக்குக் கீழே காற்றே இல்லை, முகத்தில் மட்டும் அடிக்கிறது. ஒழுங்கை திரும்பும் இடத்தில் வேலி முடிந்து, தரவை திறந்ததும் ஆளையே தள்ளுகிறது. தரையில் முருகைக்கல் துண்டுகள் துருத்திக்கொண்டிருப்பதால் தடித்த அடியுள்ள சப்பாத்து வேண்டும்.

தென்பக்கத் தரவையில் குதிரைகள் நின்றன. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன வழி. பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற லெப்டினன்ட் இங்கே இருந்து குதிரை வளர்த்தான். இப்போது அவற்றுக்கு எசமான் இல்லை. நான் ஓடியதும் அவை நடந்தன, நின்றதும் நின்றன. குட்டியோடு ஒரு பெட்டைக் குதிரை மட்டும் எனக்கும் குட்டிக்கும் நடுவே வந்து நின்றது. சுற்றிப் போனேன்.

நெடுந்தீவுக்கு 2015இல் தேசியப் பூங்காப் பட்டம் கிடைத்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. கடும் வரட்சியில் குதிரைகள் தாகத்தால் செத்த செய்தி அடிக்கடி வரும். நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகள்தான் என்று நண்பர் சொன்னார். அங்கும் மணல்.

காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் எடுக்க இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். சோளகத்தில் ஓடிப் பார்த்தவனுக்கு அந்தத் திட்டத்தில் சந்தேகம் வராது.

யூலை 23, புதன்

பெடியளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கிழமை நாளில் நாரந்தனை, கரம்பொன் ஒழுங்கைகள். சனிக்கிழமை தாம்போதி, காற்றுக்கு எதிரே. ஏற்றத்துக்கு மண்கும்பான். தவணை முடிய எல்லாரும் ஒருநாள் நெடுந்தீவு.

“மண்கும்பானில மண் மிஞ்சுமோ சேர்?” என்று ஒருவன் கேட்டான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் மாடி கட்டுகிறார். மணல் இரவில்தான் வந்து இறங்குகிறதாம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு: காசு அனுப்பமுன் மேசனிடம் மணல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மண்கும்பான், சாட்டி, அல்லைப்பிட்டி என்று சொன்னால் வாங்காதீர்கள். அனுமதிப் பத்திரத்தோடு வெளியிலிருந்து வருகிற மணல் விலை கூடத்தான். அதைக் கொடுங்கள்.