ஆயில் தீயும் வாசம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 1980-களின் தொடக்கத்தில் எங்கள் வாடகை அம்பாசடர் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில்தான் ஓடிப் பிழைத்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் முன் சீட்டின் இடது ஓரம் எனக்கு. ஆழியாறு தாண்டியதும் அப்பா கை கியரை இரண்டாவதுக்குத் தட்டுவார். எஞ்சின் குரல் மாறும். நான் வளைவுகளை எண்ணத் தொடங்குவேன்.

ஒரு கோடை விடுமுறையில்தான் அந்த வாசம் வந்தது. சமதரையில் சுத்தமாக இராது. ஏழெட்டு வளைவு ஏறியபின் லேசாகத் தலைகாட்டும். எதிரே பஸ் வந்து நாங்கள் ஒதுங்கி நிற்கும்போது, அடுப்பில் மறந்துபோன வடைச்சட்டிபோலக் காருக்குள் நெடி நிறைந்துவிடும். பின்சீட்டுக்காரர்கள் அவசரமாகக் கண்ணாடியை இறக்குவார்கள். அப்பா ஒன்றும் பேசமாட்டார். ஒரு பட்டறையில் பானட்டைக்கூடத் தூக்காமல், சிலிண்டர் போர் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி வீட்டில் அடகுப் பேச்சு நடந்தது.

மறுநாள் காலையில் அப்பா வண்டியை மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனார். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை, அதுதான் அவர் பட்டறை. பாய் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் கேள்விகள்தான். “ஏனுங் தம்பி, ஏறும்போது மட்டுமா, எறங்கும்போதும் வருதா? கிளட்ச் வாசமா, பிரேக் வாசமா, ஒயர் தீயுறாப்பலயா?” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “நீ எந்தப் பக்கம் கண்ணு உக்காருவ? உனக்கு மொதல்ல வருதா, அப்பாவுக்கா?” எனக்குத்தான் முதலில் வரும் என்றேன். பாய் தலையாட்டினார். ஒரு சிறுவன் சொன்னதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட மனிதர் அவர்.

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் மேனிஃபோல்டு இடது பக்கம். புகை போகும் அந்த வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏற்றத்தில் பல நூறு டிகிரி சூடேறும். ஒரு சொட்டு ஆயில் அதன்மேல் விழுந்தால் போதும், உடனே புகையும். வண்டி ஓடும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் பெடல் ஓட்டைகள் வழியாக உள்ளே வரும்.

பாய் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை வறண்டு பழுப்பாக இருந்தது. உள்ளே ஆயில் எரிந்தால் அது கறுத்து ஈரமாக இருக்குமாம். வண்டியை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டார். சைலன்சரில் நீலப் புகை இல்லை. “போர் நல்லாத்தான் இருக்குது. ஆயில் வெளியதான் எங்கியோ ஒழுகுது.”

எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்ட்டால் இடது பக்கம் முழுக்கத் துடைத்து உலரவிட்டார். “கண்ணு, வூட்டுக்கு ஓடிப்போயி பவுடர் டப்பா எடுத்துட்டு வா.” அம்மா முகத்துக்குப் போடுகிற பவுடர். அதை எஞ்சின் தலைமேல் மூடியிருக்கும் டேப்பெட் கவரின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகத் தூவினார். ஆழியாறு போய், சில வளைவுகள் ஏறித் திரும்பி வந்தோம். பானட்டைத் தூக்கியதும் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்: வெள்ளைப் பவுடரில், கவரின் பின்மூலையிலிருந்து மேனிஃபோல்டை நோக்கி இறங்கும் கறுப்புக் கோடு. ஏற்றத்தில் மூக்கு மேலே போனால் ஆயில் பின்பக்கம் தேங்கும். அந்த மூலையில்தான் கார்க் பேக்கிங் காய்ந்து வெடித்திருந்தது.

கவரைப் பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். ஒழுகலை நிறுத்துவதாக நினைத்து யாரோ அவற்றை இறுக்கியிருக்கிறார்கள். தகரம் வளைந்து, ஒழுகல் கூடியிருந்தது. பாய் கவரைப் பலகையில் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஒட்டியிருந்த பழைய கார்க்கை நகத்தால்கூடச் சுரண்டி எடுத்தார். புதுப் பேக்கிங்கை ஷெல்லாக் தடவிக் கவரில் மட்டும் ஒட்டினார். எஞ்சின் பக்கம் லேசாக கிரீஸ். அடுத்த முறை கழற்றும்போது கிழியாமல் வருவதற்கு. நட்டுகளை ரப்பர் வாஷர் அமுங்கும் அளவுக்கு மட்டும் முடுக்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். பாய் விடவில்லை. நல்ல பேக்கிங் ஏன் போயிற்று என்று பார்க்க வேண்டும் என்றார். ப்ரீதர் குழாயைக் கழற்றிக் கம்பியை விட்டதும் உள்ளேயிருந்து கறுப்புக் களிம்பு கட்டியாக வந்து விழுந்தது. எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேற வழியில்லாமல், அந்த அழுத்தம்தான் ஆயிலைப் பேக்கிங் வழியாகத் தள்ளியிருக்கிறது. இந்தக் குழாயைப் பார்க்காமல் புதுப் பேக்கிங் போட்டிருந்தால் சில மாதத்தில் திரும்பவும் ஒழுகியிருக்கும். எனக்கு இன்றும் பெரிதாகப் படுவது அவர் செய்த இந்தக் கடைசி வேலைதான்.

அடுத்த சவாரியில் அட்டகட்டியில் நிறுத்தி அப்பா பானட்டைத் தூக்கினார். கவரின் பின்மூலை காய்ந்திருந்தது. அதன்பின் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அவர் முதலில் கழற்றியது அந்த ப்ரீதர் குழாயைத்தான். மண்ணெண்ணெயில் அலசித் தருவது என் வேலையாயிற்று.