தொட்டறியும் விஞ்ஞானம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றையே நாம் எடுப்போம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியரிடம் பிறிதொன்றை எவர் எதிர்பார்ப்பர்? ஆயினும் இம்முறை விஞ்ஞானத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். ஆசிரியர் கலாசாலையில் நாம் பயின்றது தமிழ். எமக்கு வாய்த்ததோ ஆரம்பப் பிரிவு வகுப்பு. அங்கே வகுப்பாசிரியர் ஒருவரே தமிழையும் கணிதத்தையும் சுற்றாடல்சார் செயற்பாடுகளையும் கற்பிப்பவர். ஆறாந் தரத்திலே விஞ்ஞானம் என்னும் பெயரோடு தனிப்பாடம் தொடங்குமுன், நீரும் மண்ணும் நிழலும் விதையும் பிள்ளைகளுக்கு அறிமுகமாவது எம்போன்றோர் வாயிலாகவே. அவ்வநுபவத்திற் கண்ட ஒன்றை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம். அது யாதெனில், சிறு பிள்ளைக்கு விஞ்ஞானம் கையின் வழியாகப் புகுதல் வேண்டும். சொல் அதன் பின்னரே வருதல் வேண்டும் என்பதாம்.

கையாற் செய்தல் என்றவுடன், ஆசிரியர் மேசைமீது கண்ணாடிக் குவளையை வைத்துத் தாமே ஒரு பரிசோதனையைச் செய்து காட்டுவதைப் பலர் நினைப்பர். நாற்பது பிள்ளைகள் எட்டி நின்று பார்ப்பர். பின்வரிசையில் இருப்போருக்கு முன்வரிசையாரின் தலைகளே தெரியும். முடிவை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் கொப்பியிற் பார்த்தெழுதுவர். இக்காலத்துத் திறன்பலகையில் ஓடும் படமும் இதனையே இன்னும் அழகாகச் செய்கின்றது. இவை பயனற்றவை அல்ல. ஆயின் இங்கே செய்தவர் ஆசிரியர். பிள்ளை செய்ததோ பார்த்தெழுதுதல் ஒன்றே. தானே தொட்டும் அளந்தும் எண்ணியும், பிழைத்தவிடத்து மீண்டும் செய்தும் பார்க்கும்பொழுதே அறிவு பிள்ளையின் உடைமையாகின்றது.

நான்காந் தரத்தில் நாம் செய்விக்கும் ஒன்றைக் கூறுவோம். சிறிது மஞ்சள் தூளும் ஒரு தேசிக்காயும் பாட்டியின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பும் கொண்டுவரச் சொல்வோம். சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் ஊறு செய்யுமாதலின், அதனை மட்டும் நாமே கரைத்துக் கொடுப்போம். மஞ்சள் நீரைத் தாளிற் பூசி உலர்த்தி, அதன்மேற் சுண்ணாம்பு நீரைத் துளியாக விட்டால் அவ்விடம் சிவக்கும். தேசிப்புளி பட்டால் மீண்டும் மஞ்சளாகும். பாசிச்சாயத் தாள் வாங்க வசதியற்ற பாடசாலைக்கு இது போதும். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிப் பிறப்பது என்பதனைப் பிள்ளைகள் தம் விரலிலேயே காண்பர்.

ஒருமுறை, வாசிப்பிற் பின்தங்கிய சிறுவன் ஒருவன், எவரும் சொல்லாமலே மறுநாள் அடுப்புச் சாம்பலைக் கடதாசியிற் பொதிந்து கொண்டுவந்தான். சாம்பல் கரைத்த நீரும் தாளைச் சிவப்பாக்கிற்று. சவர்க்கார நீரும் அவ்வாறே செய்தது. கறி சிந்திய வெள்ளைச் சட்டைக்கு அம்மா சவர்க்காரம் போடும்பொழுது கறை சிவப்பதை அவன் பலமுறை கண்டிருந்தான். “அப்ப சாம்பலும் சவர்க்காரமும் ஒரு குடும்பமோ, சேர்?” என்று கேட்டான். காரம் என்னுஞ் சொல்லை நாம் கரும்பலகையில் எழுதியது அவ்வினாவிற்கு விடையாகவே. சவர்க்காரம் என்னுஞ் சொல்லினுள்ளே அச்சொல் அமர்ந்திருப்பதை மற்றொரு பிள்ளை சுட்டிக்காட்டினான். மூன்று வாக்கியம் எழுதத் தயங்கும் அச்சிறுவன் அன்று ஒரு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் மலிந்த பக்கமே. ஆயினும் எவரையும் பார்த்து எழுதாத பக்கம். தமிழாசிரியர் ஒருவருக்கு இதனினும் ஊதியம் வேறு யாது? சொல்லுதற்குப் பொருள் உடைய பிள்ளையே சொல்லைத் தேடுகின்றது.

இன்னும் ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. எமது கிணற்று நீரிற் சவர்க்காரம் நன்கு நுரைக்காமையும், கேத்தலின் உட்புறத்தே வெண்மையான படிவு ஏறுதலும் இதனாலாம். ஒரே அளவான இரு போத்தல்களில் ஒன்றிற் கிணற்று நீரும் மற்றையதில் மழைநீரும் விட்டு, சம அளவு சவர்க்காரச் சீவலை இட்டு, இருபது முறை குலுக்கி, நுரையின் உயரத்தை அடிமட்டத்தால் அளக்கச் சொல்வோம். நீரின் அளவும் சவர்க்காரத்தின் அளவும் குலுக்கலின் தொகையும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதிற் பிள்ளைகள் தமக்குள்ளே கடுமையாக வாதிடுவர். அவ்வாதமே அன்றைய பாடம். நேர்மையான ஒப்பீடு எதுவென அறிந்த பிள்ளை, பிற்காலத்தில் எத்துறைக்குச் சென்றாலும் எளிதில் ஏமாறாது.

உபகரணம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை என்னும் குறையை ஆசிரிய நண்பர்கள் சிலர் கூறுவர். 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே மின்சாரம் அற்றுப்போன காலத்தில் நாம் ஆரம்பப் பிரிவு மாணவராயிருந்தோம். மண்ணெண்ணெய் அருமையாயிற்று, மின்கலம் தடைப்பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை இட்டுச் சிறிது எண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கிலே படித்தோம். பெரியோர் மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவின் உதவியால் வானொலி கேட்டனர். சுழற்றும் முறை எமக்கும் வரும். கை தளர்ந்தாற் செய்தியும் தளரும். இயக்கம் மின்னாக மாறுவதை நாம் கையால் அறிந்தது அங்கேதான். அதற்குரிய சொற்களை வகுப்பிற் கற்றது பல ஆண்டுகளின் பின்னர். அக்காலத்தை எவரும் விரும்பி நினையார். எனினும் உபகரணம் இன்றியும் விஞ்ஞானம் நடைபெறும் என்பதற்கு எம் தலைமுறை சான்று.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1948 ஆம் ஆண்டில், போரினாற் பாழடைந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கென யுனெஸ்கோ நிறுவனம் சிறு நூலொன்றை வெளியிட்டது. கிடைத்த பொருள்களைக் கொண்டு கருவிகள் ஆக்கும் வழிகளை அது கூறிற்று. அதனை அடியாகக் கொண்டு விரித்த பெருநூல் 1956 இல் வெளிவந்து, பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. இடிபாடுகளின் நடுவே பாடசாலை தொடங்கிய ஆசிரியர்களுக்கென எழுந்த முறை, பின்னர் உலகெங்குமுள்ள ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

எனினும் உபகரணக் குறையிலும் பெரிய தடை ஒன்று உண்டு. அது பரீட்சை. ஐந்தாந் தரத்தில் நிகழ்ந்த ஒன்றால் இதனை விளக்குவோம்.

நண்பகலிலே சூரியன் தலைக்கு நேரே நிற்கும் என்பது பிள்ளைகள் பலர் மனனஞ் செய்து வைத்திருக்கும் வாக்கியம். தை மாதத்தில் ஒரு மீற்றர் நீளமான தடியை முற்றத்தில் நட்டு, கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு அது நிமிர்ந்து நிற்றலை உறுதிசெய்து, நண்பகலை அடுத்து ஐந்து நிமிடத்திற்கொரு முறை நிழலின் நுனியைக் குறிக்கச் சொன்னோம். சூரியனைப் பாராது நிழலையே பார்க்க வேண்டும் என்பது எமது முதற் கட்டளை. பொங்கலை அடுத்த நாள்களில் யாழ்ப்பாணத்திலே மிகக் குறுகிய நிழலும் ஏறத்தாழ 60 சதமமீற்றர் இருக்கும். அது வடக்கு நோக்கி விழும். பங்குனி மாத இறுதியில் அது 15 சதமமீற்றருக்கும் குறையும். சித்திரை நடுவிலே, 12 மணி 10 நிமிடமளவில், நிழல் இல்லாது போகும். அதன்பின் நண்பகல் நிழல் தெற்கே சாய்ந்து, ஆனி மாதத்தில் ஏறத்தாழ 25 சதமமீற்றர் வரை நீண்டு, ஓகஸ்ட் 28 ஆம் திகதியளவில் மீண்டும் மறையும். ஆண்டில் இரு நாள்களையன்றி மற்றெந்நாளிலும் சூரியன் எமது தலைக்கு நேரே நிற்பதில்லை.

முதல் அளவை முடிந்தவுடன் ஒரு சிறுவன் கேட்டான்: “சேர், அப்ப சோதினையிலை எதை எழுதுறது?”

அவ்வினாவை நாம் இன்றும் மறந்திலோம். கண்டதை எழுதினாற் புள்ளி போதல் கூடும். கேட்டதையே எழுதினால் கண்டதன் பயன் போகும். “வினாவை நன்றாக வாசி. ஆனால் நீ அளந்து கண்டதற்கு மாறானதை உண்மை என்று நம்பாதே” என்றோம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதற்குமேற் சொல்ல எமக்குத் தெரியவில்லை.

சில நாள்களில் அவனுடைய தாயார் வந்தார். “பிள்ளை வெயிலிலை நிண்டு நிழல் அளக்கிறான், சேர். புலமைப்பரிசில் வருகுது. இதுக்குப் புள்ளி கிடைக்குமோ?” என்று கேட்டார். அவர் கேட்டதிற் பிழை காண்பதற்கில்லை. அப்பரீட்சையே உதவிப் பணத்தையும் பெரிய பாடசாலைகளில் இடத்தையும் தீர்மானிக்கின்றது. வசதி குறைந்த வீட்டுக்கு அதுவே திறந்திருக்கும் கதவு. வாரத்தில் இரண்டு பாடவேளைக்குமேல் எடுப்பதில்லை என்றும், பயிற்சி வினாக்கள் குறைவின்றி நடைபெறும் என்றும் உறுதி கூறினோம். அரைமனதோடு சென்றார். சித்திரை விடுமுறை கழிந்து அவரே மீண்டும் வந்தார். வருடப் பிறப்பன்று நண்பகலிலே மகன் உலக்கையை முற்றத்தில் நிமிர்த்திப் பிடித்து, வீட்டார் அனைவரையும் அழைத்து, அதற்கு நிழல் இல்லாமையைக் காட்டினானாம். “என்ரை ஐயாவும் ஒருநாளும் இதைக் காணேல்லையாம்” என்று சொன்னார்.

பெறுபேறு யாதாயிற்று என அன்பர்கள் வினவுவர். வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைவாகவே அவன் பெற்றான். தாயார் வருந்தினார், நாமும் வருந்தினோம். நிழல் அளந்தமையால் இழந்தான் என்றோ, அளவாதிருந்தாற் பெற்றிருப்பான் என்றோ எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. அடுத்த ஆண்டு அவனுடைய தம்பி எமது வகுப்பிற்கு வந்தான். அவன் கையிலே குறிகள் இட்ட மீற்றர்த் தடி ஒன்று இருந்தது. அண்ணன் கொடுத்தனுப்பியது என்றான். வீட்டிலிருந்து அதனைத் தடுத்தவர் எவருமிலர்.

பரீட்சையை ஒழித்துவிடுக என நாம் கூறவில்லை. அது எம் கையில் உள்ளதுமன்று. வாரத்தில் இரண்டு பாடவேளை எம் கையில் உள்ளது. அவ்விரண்டையும் பிள்ளைகளின் கைக்கே கொடுத்தல் ஆசிரியர் எவருக்கும் இயலும்.

பழைய மாணவ அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். விழா ஆண்டிலே கட்டடமும் மேடையும் வேண்டுவோர் பலர். ஆரம்பப் பிரிவிற்கு வேண்டுவன சிறியன: வகுப்பிற்குப் பத்து கைவில்லைகள், சில மீற்றர்க் கோல்கள், ஒரு தராசு, ஒரு வெப்பமானி. இவற்றிலும் மேலாக, ஆண்டில் ஒரு நாளேனும் நீவிர் வருதல் வேண்டும். மருத்துவராயின் இதயத் துடிப்பைக் கேட்கும் குழாயைக் கொண்டுவருக. கட்டடத் தொழில் புரிபவராயின் தூக்குக்குண்டைக் கொண்டுவருக. தோட்டஞ் செய்பவராயின் ஒரு பிடி மண்ணையும் விதையையும் கொண்டுவருக. சொற்பொழிவு வேண்டா. கொண்டுவந்த பொருளைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டு, அது கேட்கும் வினாவிற்குக் காத்திருங்கள்.

எம்மைக் கற்பித்த கல்லூரி பல்லாண்டு வாழ்க. அதன் முற்றத்திலே நிழலை அளக்கும் சிறுவர் என்றும் நிறைக.