பட்டியலில் இருந்த பெயர்

கணினிப் பாதுகாப்பு என் தொழில். இலக்கியம் பேசும் நண்பர்களிடையே இதைச் சொன்னால் பேச்சு அத்துடன் நின்றுவிடும் என்பதால் பெரும்பாலும் சொல்வதில்லை. இன்று சொல்ல நேர்ந்ததற்குக் காரணம், பழைய கோப்புகளை ஒழிக்கும்போது கண்ணில் பட்ட ஒரு பட்டியல். 37 பெயர்கள். அதைத் தயாரித்தவன் நான்.

சென்னையில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் இருந்தேன். ஊழியர்களைச் சோதிப்பதற்காக நாங்களே ஒரு போலி மின்னஞ்சலை அனுப்பினோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, 'உங்கள் போனஸ் விவரம் காண இங்கே சொடுக்கவும்' என்று. சொடுக்கியவர்களின் பெயர்கள் துறைத் தலைவர்களுக்குப் போயின. அவர்களுக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை கட்டாயப் பயிற்சி. கணக்குப் பிரிவைச் சேர்ந்த, ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மையார் கடைசி வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருந்தார். நான் இரண்டு மணி நேரம் பேசினேன். பயிற்சி வெற்றி என்று அறிக்கையும் எழுதினேன்.

அடுத்த பிப்ரவரியில் உண்மையான மோசடி மின்னஞ்சல் வந்தது. வழக்கமாகச் சரக்கு அனுப்பும் ஒருவரின் பெயரில், வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள் என்று. வெள்ளிக்கிழமை மதியம் அந்த அம்மையார் பணத்தை அனுப்பினார். முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததை அன்று மாலையே கவனித்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை காலைதான் வந்து சொன்னார். இத்தகைய மோசடிகளில் முதல் சில மணி நேரமே முக்கியம். உடனே தெரிந்தால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. இன்று நம் நாட்டில் 1930 என்ற உதவி எண் இருப்பதும் அதற்காகத்தான். திங்கட்கிழமைக்குள் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருந்தது.

"ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"போன தடவை பேர் போட்டு அனுப்பினீங்களே சார், அது போதாதா?" என்றார்.

அடுத்த மாதம் அவர் வேலையில் இல்லை. காரணம் என்ற இடத்தில் 'மனிதப் பிழை' என்று நான் நிரப்பியிருந்தேன். அந்த மனிதர் யார் என்று அப்போது யோசிக்கவில்லை.

அதன் பிறகுதான் என் துறையின் ஓரத்தில் கிடந்த சில கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். 1999-இல் லண்டன் பல்கலைக் கல்லூரியின் ஆன் ஆடம்ஸ், ஆஞ்செலா சாஸே இருவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'பயனர்கள் எதிரிகள் அல்லர்' என்பதுதான். விதிகளை மீறியவர்களைத் திட்டுவதற்குப் பதிலாக அவர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் மக்கள் பழைய சொல்லின் கடைசியில் எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள், அல்லது தாளில் எழுதிவைக்கிறார்கள். அது சோம்பல் அன்று, வேலை நடக்க வேண்டும் என்ற அவசரம். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று யாரும் அவர்களுக்கு விளக்கியதும் இல்லை.

2010-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், கைவிடப்பட்ட 7,700-க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். முந்தைய சொல் தெரிந்தால், ஏறத்தாழ 41 சதவீதப் புதிய சொற்களைச் சில நொடிகளில் கண்டுபிடிக்க முடிந்தது. கட்டாய மாற்றம் என்ற விதியைப் பரப்பிய அமெரிக்க நிஸ்ட் நிறுவனம் 2017-இல் அதைக் கைவிட்டது. 2003-இல் அவ்விதிகளை எழுதிய பில் பர், அதே ஆண்டு வருத்தம் தெரிவித்தார். நான் அதுவரை 90 நாளுக்கு ஒருமுறை எல்லோரையும் மாற்றவைத்துக் கொண்டிருந்தேன்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 2001-இல் எழுதியது. அவர் 2024-இல் காலமானார். ஏடிஎம்மில் பணம் காணாமல் போனால், அமெரிக்காவில் வாடிக்கையாளர் சொல்வது தவறு என்று வங்கி நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் அந்தச் சுமை வாடிக்கையாளர் தலையில் இருந்தது. பாதுகாப்புக்குக் கூடுதலாகச் செலவழித்தும் பிரிட்டன் வங்கிகளில்தான் மோசடி அதிகம். பழி வேறொருவர் மேல் விழும்போது, காவலுக்கு நிற்பவன் அசட்டையாகிவிடுகிறான். இது கணிதம் அன்று, பொருளாதாரம். எங்கள் அலுவலகத்தில் கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் உறுதிசெய்ய வேண்டும் என்ற எளிய நடைமுறைகூட இருக்கவில்லை. சொடுக்கியவர் பெயர் கையில் இருக்கும்போது நடைமுறை எதற்கு?

சமூக அறிவியல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தீபாவளிக்கு முன் 'போனஸ்' என்று எழுதியபோது நான் கையாண்டதும் உளவியல்தான். 2024-இல் நாடெங்கும் பேசப்பட்ட 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பல்களும் அதையே கையாண்டன. ஒரு சீருடை, ஒரு அதட்டல், 'வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது' என்ற கட்டளை. எந்தக் குறியாக்கத்தையும் அவர்கள் உடைக்கவில்லை. 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராம் தொடங்கிய சோதனைகள், அதிகாரத்தின் குரலுக்கு மனிதர் எவ்வளவு தூரம் பணிவர் என்று காட்டின. அந்தக் கும்பல்கள் அதை யாரிடமும் படிக்காமலேயே அறிந்திருக்கின்றன. ஆட்களைப் பிடிப்பதற்கு மட்டும் இந்த அறிவைப் பயன்படுத்தினால், அவர்களுக்கும் எனக்கும் அதிக வேறுபாடு இல்லை. நான் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்த அலுவலகத்தில் தவறு செய்தவர் எத்தனை நிமிடத்தில் அதை வெளியே சொல்வார்? சொல்ல விடாமல் தடுப்பது எது?

இப்போது ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பாடத்திட்டத்தில் குறியாக்கம் உண்டு, வலைப்பின்னல் உண்டு, சட்டப் பிரிவுகள் உண்டு. மனிதர்களுக்கு இடமில்லை. ஆகவே முதல் நாளே பெயர் சொல்லாமல் அந்த அம்மையாரின் கதையைச் சொல்லி, நீங்கள் அந்த வெள்ளிக்கிழமை மாலை என்ன செய்திருப்பீர்கள் என்று எழுதச் சொல்கிறேன். போன மாதம் ஒரு மாணவன், "சார், இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தாள்களை வீட்டில் படித்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள், திங்கட்கிழமை வரை காத்திருந்திருப்போம் என்று எழுதியிருந்தார்கள்.