காவிரிக்குப் போகும் குகை!

“குனிஞ்சு வாங்க, மேல பாறை இருக்கு!”

முன்னால் போனவர் சொல்லி முடிப்பதற்குள் என் தலை ‘ணங்’கென்று இடித்துவிட்டது. பின்னால் வந்த நண்பர்கள் சிரித்த சிரிப்பு குகைக்குள் எதிரொலித்தது.

ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, லேடீஸ் சீட்டில் செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவது வழக்கம். நாங்கள் நான்கு பேர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து, ஏரிக்கரையில் வண்டியை விட்டுவிட்டு, சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே கிளம்பினோம். வழியெல்லாம் காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. மேலே போகப்போக பனிமூட்டம் முகத்தில் ஈரமாக ஒட்டியது.

சுமார் 5,300 அடி உயரத்தில், மலையுச்சியில் இருக்கிறது அந்தக் குகைக் கோயில். வாசலில் குனிந்தால் உள்ளே போகும்வரை நிமிர முடியாது. காலடியில் சில்லென்ற ஈரம். விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயனும் காவிரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு இந்த மலையின் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள்.

மலைச்சாமிக்குப் பக்கத்தில் காவிரி எப்படி வந்தாள்? வெளியே கொய்யாப்பழம் விற்ற பாட்டியிடம் கேட்டோம்.

“இந்தக் குகை வழியாவே காவிரிக்குப் போயிரலாம் கண்ணு. அந்தக் காலத்துல சாமி அப்படித்தான் போய் வரும்.”

ஆந்திராவின் போரா குகைகள் சுண்ணாம்புப் பாறையில் உருவானவை. தண்ணீர் அந்தப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பெரிய குகைகளை உண்டாக்கும். சேர்வராயன் மலையோ பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. அது அப்படிக் கரையாது. காவிரி வரை சுரங்கம் என்பது நம்பிக்கைதான்.

ஆனால் பாட்டி சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. இந்த மலைத்தொடரில் பிறக்கிற சரபங்கா ஆறும் திருமணிமுத்தாறும் கடைசியில் காவிரியில்தான் கலக்கின்றன. சாமி போன வழி பூமிக்கு அடியில் இல்லை, நம் கண்ணெதிரே ஓடுகிறது!

இதைச் சொன்னதும் சேலத்து நண்பன் மட்டும் பேசாமல் நின்றான். அவன் வீடு திருமணிமுத்தாற்றின் கரையில்.

“எங்க தாத்தா அதுல குளிச்சிருக்காராம். நாங்க ஜன்னலையே திறக்கறதில்லடா” என்றான்.

நகரத்துச் சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்து ஓடும் அந்த ஆற்றைச் சேலத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அம்மன் குடியிருக்கும் குகைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து போகிறோம். அதே அம்மனிடம் போய்ச் சேரும் ஆற்றில் எதை வேண்டுமானாலும் கொட்டுகிறோம்.

இறங்கும்போது நாங்கள் அதிகம் பேசவில்லை. வழியோரம் கிடந்த காலி பாட்டில்களை அவன்தான் முதலில் பொறுக்க ஆரம்பித்தான். ஏரிக்கரைக்கு வருவதற்குள் நான்கு பைகளும் நிறைந்துவிட்டன.

நீங்களும் போய் வாருங்கள். காலையிலேயே கிளம்புங்கள், ஸ்வெட்டர் அவசியம். கூடவே ஒரு காலிப் பையும் இருக்கட்டும். குகைக்குள் மட்டும் நிதானமாக நுழையுங்கள். என் நெற்றியில் இன்னும் வீக்கம் வடியவில்லை!