விறாந்தும் நியாயமும்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவோரை அடிக்கடி இடறச் செய்யும் சொற்களுள் ஒன்று 'அன்வொரண்டட்'. அமைச்சுகளின் அறிக்கைகளிலும் தூதரகக் குறிப்புகளிலும் அது தவறாமல் தலைகாட்டும். அகராதியைப் புரட்டினால் தேவையற்ற, ஆதாரமற்ற, நியாயமற்ற எனப் பல சொற்கள் கிடைக்கும். அச்சேறும் அவசரத்தில் கைக்கு எட்டியதை எடுத்து வைப்போரே அதிகம்.

இதன் அடிச்சொல்லான 'வொரண்ட்' நம்மவருக்குப் புதிதன்று. ஈழத்தவர் நாவில் அது 'விறாந்து' ஆயிற்று. 'பிடிவிறாந்து' என்று பத்திரிகைகளிலும் ஏறியது. இன்று அதைப் 'பிடியாணை' என்கிறோம். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் பெற்ற இச்சொல்லும் 'காரண்டி' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே, ஒரு செயலுக்குப் பிணை நிற்கும் அதிகாரம் அல்லது காரணம் என்பதே இதன் உட்பொருள். அத்தகைய பிணை எதுவும் இல்லாததே 'அன்வொரண்டட்'.

இதைப் 'பிடியாணையற்ற' என்று கொள்ளலாகாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32 ஆவது பிரிவு, குறித்த சில சந்தர்ப்பங்களில் பிடியாணையின்றிக் கைதுசெய்யப் பொலிஸாருக்கு இடமளிக்கிறது. பிடியாணை இல்லாத கைது நியாயமானதாக இருக்கலாம்; பிடியாணையோடு நடந்த கைது நியாயமற்றதாகவும் இருக்கலாம்.

'ஆதாரமற்ற' என்பதே எல்லாவற்றிலும் ஆபத்தான மொழிபெயர்ப்பு. ஒரு மாவட்டத்தில் அரிசிக் கையிருப்பு குறைந்துவிட்டது என்று பிரதேச நிருபர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மக்களின் அச்சம் 'அன்வொரண்டட்' என்று அதிகாரி பதிலளிக்கிறார். கையிருப்புக் குறையவில்லை என்று அவர் சொல்லவில்லை; அஞ்சும் அளவுக்கு நிலைமை மோசமில்லை என்றே சொல்கிறார். அதனை 'ஆதாரமற்ற அச்சம்' என்று வெளியிட்டால், உண்மையை எழுதிய நிருபர் பொய்யராகிவிடுகிறார். ஊரில் முகம் காட்டி நடமாட வேண்டிய அவருக்கு அது சிறிய பழியன்று.

தலையீடு என்றால் 'தேவையற்ற' பொருந்தும். அச்சத்துக்குக் 'காரணமற்ற', கைதுக்கு 'நியாயமற்ற' என்பன ஏற்றவை. 'எழுந்தமானமான' என்பதோ தான்தோன்றித்தனத்தைக் குறிப்பது, அது வேறு. பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால், 'முகாந்திரமற்ற' என்பதையே நான் பரிந்துரைப்பேன். சற்றுப் பழையதுதான். ஆனால், ஒன்றைச் செய்வதற்கு நியாயமான காரணம் உண்டா என்று மட்டுமே அது கேட்கிறது. சொன்னவர் பொய்யரா என்று கேட்பதில்லை.