கோடு இல்லாத கடல்

எங்கள் நாமக்கல் பக்கம் கடல் கிடையாது. கோழிப் பண்ணை உண்டு, லாரிப் பட்டறை உண்டு. அலையைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். போன லீவில் தரங்கம்பாடி போய்வந்த கையோடு என் சின்னவள் வாட்டர் கலரில் ஒரு படம் போட்டாள். விடியற்காலைக் கடல். ஓரக்கோடே இல்லை. படகு என்றால் நாலு தீற்றல், அவ்வளவுதான்.

போட்டிக்குக் கொடுத்த இடத்தில், 'முழுமையாக வரையவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். என் மாமியாரும், "ஏஞ்சாமி, பாதியிலேயே உட்டுட்டே?" என்றார். அன்றைக்குக் கலர் டப்பாவைப் பரணில் போட்டவள்தான், இரண்டு மாசமாகத் தொடவில்லை. ஒன்பதாம் வகுப்பாயிற்றே, படிப்பில் புத்தி போகட்டும் என்று இவருக்கு உள்ளூர சந்தோஷம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

நூலகத்தில் ஓர் ஓவியப் புத்தகம் கிடைத்தது. கிளாட் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் 1872-ல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிப்பதை வரைந்திருக்கிறார். அதிலும் படகு நாலு தீற்றல்தான்! 1874-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த லூயி லெருவா என்ற விமர்சகர், சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முடிந்த வேலை என்று கேலி செய்தாராம். படத்தின் பெயரில் இருந்த 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லை வைத்து அவர் செய்த நையாண்டியே அந்த ஓவியர்களுக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

மார்கழி விடியலில் கொல்லிமலையைப் பார்த்திருக்கிறீர்களா? மரமும் பாறையும் தெரியாது. சாம்பல் நீலத்தில் ஒரு நிழல் மட்டும் நிற்கும். அதற்கு யார் கோடு போட முடியும்? மோனேயும் பனி விலகுமுன், கண்ணில் பட்டதை மட்டும் மளமளவென்று தீற்றிவிட்டார்.

அந்தச் சூரியன்தான் அதிசயம். இளம்பிள்ளைச் சேலைக் கடையில் நீல உடம்புக்கு ஆரஞ்சு பார்டர் எப்படிப் பளிச்சென்று எடுக்கிறது! அதே சூட்சுமம். ஆனால் சூரியனுக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவு. மகளின் கையில் போனைக் கொடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொன்னேன். சூரியன் கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று!

உடனே தன் படத்தையும் அப்படி எடுத்துப் பார்த்தாள். "என்னுதுல சூரியன் ரொம்ப இருட்டும்மா. வானத்தோட சேரல."

ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். "பரீட்சை வருது" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.