25 கஜத்தில் ஓர் எழுத்து

எங்கள் பெரியப்பா கடைசிவரை லாரி கிளீனராகவே இருந்தார். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் டிரைவர் ஆனார்கள், இரண்டொருவர் முதலாளியும் ஆனார்கள். சங்ககிரியில் அது ஒன்றும் அதிசயமில்லை. அவர் மட்டும் ஏன் ஆகவில்லை என்றால் வீட்டில் ஒரே பதில்தான்: "கண்ணு போதாது. நம்பர் பிளேட்டப் படிக்கச் சொன்னாங்க, முடியல."

இந்தக் கதை எனக்குப் பிடித்ததே இல்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கை டிரைவருக்கு முன்பே பார்த்துச் சொல்பவர் என்று அவரைப் பற்றி அவர் கூட்டாளிகளே சொல்வார்கள். பெரியம்மாவும் இந்தக் கதையை ஒப்புக்கொண்டதில்லை. "கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

சரி, அந்த நம்பர் பிளேட் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம் எனக் கிளம்பினேன். இன்றைக்கும் லைசென்ஸ் விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு, 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட் ஒவ்வொரு கண்ணுக்கும் தெரிகிறதா? சொந்தக் கார் ஓட்டப் போகிறவர் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். லாரி, பஸ் ஓட்டப் போகிறவருக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும். அது படிவம் 1-ஏ. வலிப்பு, மாலைக்கண், காது கேட்பது, குடிப்பழக்கம் எல்லாம் அதில் வரும்.

சேலத்தில் ஒரு வக்கீல் நண்பரின் அலமாரியில் 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கிடைத்தது. பெரியப்பா காலத்துச் சட்டம் அதுதான். இரண்டாம் அட்டவணையில், லைசென்ஸ் தரவே கூடாத குறைபாடுகளின் வரிசையில், என் நம்பர் பிளேட் இருந்தது. அங்கே 25 மீட்டர் இல்லை, 25 கஜம். கறுப்புத் தளத்தில் வெள்ளையாக எழுதிய 7 எழுத்துகளும் எண்களும் என்று கணக்காகச் சொல்லியிருந்தது.

ஏன் 7? அன்று இரவு தூக்கம் வரவில்லை. விடை அதே சட்டத்தில்தான் இருந்தது. மாகாணத்துக்கு ஒதுக்கிய எழுத்துகளுக்குப் பின்னால் எண் 4 இலக்கத்தைத் தாண்டக் கூடாது. பழைய சென்னை வண்டிகளில் எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கி மூன்று எழுத்து, பிறகு நான்கு எண். கூட்டினால் 7. கறுப்பில் வெள்ளை என்பது அந்தக் காலத்துச் சொந்தக் கார்ப் பலகை. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

25 கஜத்தின் வேரைத் தேடினால் பிரிட்டனுக்குப் போகிறது. 1935-இல் அங்கே ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. நம்பர் பிளேட்டும் 25 கஜமும் அங்கிருந்த வழக்கம்தான். அதற்கு மேல் வழி அடைத்துக்கொண்டது. ஸ்நெல்லன் என்ற டச்சு டாக்டர் கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையை 1862-லேயே செய்துவிட்டார். அது இருக்கும்போது நம்பர் பிளேட் எதற்கு? எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் போனேன். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் புரியாது. அவர் என் கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை. ஏர் பிரேக் வந்த கதையைச் சொன்னார். ஸ்பிரிங் பட்டை உடைந்த லாரியைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று சொன்னார். மறுபடி போனேன், மறுபடியும் பிரேக். நம்பர் பிளேட் என்று வாயெடுத்தாலே, "அதுல என்ன தம்பி இருக்கு, டீ சாப்புடுங்க" என்பார். ஸ்நெல்லன் பலகையைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் ஒரு நாள் பதில் வந்தது. "மைதானத்துல ஆணியடிச்சு எங்க மாட்டறது? நம்பர் பிளேட்டு நிக்கற வண்டியிலயே இருக்குதுங்களே."

விடாமல் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் பெரியப்பாவின் கதையைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்க பெரியப்பா எத்தனாவது வரைக்கும் படிச்சாரு?"

பெரியப்பா பள்ளிக்கூடமே போனதில்லை. கைநாட்டுத்தான். நம்பர் பிளேட்டில் இருந்ததோ இங்கிலீஷ் எழுத்து.

"எழுத்துத் தெரியாதவனுக்கு 25 கஜமும் ஒண்ணுதான், 2 கஜமும் ஒண்ணுதான் தம்பி" என்றார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. ஆபீஸ் ஜீப்பின் நம்பரை யாரிடமாவது கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவார்களாம். இவர் அவர்களை வேறு வண்டியின் பக்கம் திருப்பி நிறுத்தினால் முகம் செத்துவிடுமாம். அப்படிப்பட்டவரிடம் இவர் படிக்கச் சொல்லமாட்டார். "அங்க என்ன தெரியுதோ, அத அப்படியே மண்ணுல விரலால வரஞ்சு காட்டு" என்பார். சரியாக வரைந்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சட்டம் கேட்டது பார்வையைத்தான், படிப்பை இல்லை.

"எல்லா இன்ஸ்பெக்டரும் அப்படிச் செஞ்சாங்களா சார்?"

"அது அவங்கவங்க மனசு."

கஜத்தையும் மீட்டரையும் அன்றோடு விட்டுவிட்டேன். கண் மருத்துவமனைகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே தனிப் பலகை இருக்கிறது. இ என்ற ஆங்கில எழுத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். பாடப்புத்தகம் எதுவும் இல்லாமல் மைதானத்து மண்ணில் அந்த மனிதர் செய்ததும் இதுவேதான். அவர் கையில் பெரியப்பா சிக்கியிருந்தால் டிரைவர் ஆகியிருப்பார். பிற்பாடு படிப்பையே வெளிப்படையாகக் கேட்டார்கள்: டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2019-இல்தான் அதை எடுத்தார்கள். எடுத்தது சரி என்றுதான் சொல்வேன்.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "எழுத்துத் தெரியாதுன்னு சொல்றதுக்கு அவருக்கு வெக்கம் கண்ணு. கண்ணு போதாதுன்னு அவரேதான் எல்லார்த்துகிட்டயும் சொன்னாரு. நான் எப்படி மாத்திச் சொல்லறது?"

பெரியம்மாவின் பேரன் இப்போது குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறான். கார் லைசென்ஸ்தான் வைத்திருக்கிறான். ஆபத்தான சரக்கு வண்டிகள் நீங்கலாக, மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குத் தனி டிரான்ஸ்போர்ட் அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கான கூடுதல் தகுதிகள் அந்த எடைக்கு மேலே ஓட்டுகிறவர்களுக்கே. பிழைப்புக்கு அது பெரிய உதவி, அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் விடியற்காலை 2 மணிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவன் கண்ணை யாருமே சோதிக்கவில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூலிக்கு ஓட்டுகிற எவருக்கும், எடை எதுவானாலும், கண் சோதனை வேண்டும். அதை இலவசமாக, எழுத்தே தெரியாதவரும் தேறும்படி வைக்க வேண்டும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா பேரனைக் கூப்பிட்டுவிட்டார். அந்த வாரமே அவரே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அவனுக்கு இடது கண்ணுக்கு மட்டும் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.